பக்கவாதத்துக்குப் பிந்தைய மருத்துவமனை மறுசேர்க்கை

பக்கவாதத்துக்குப் பிந்தைய மருத்துவமனை மறுசேர்க்கை என்பது, மூளையின் குருதிக்குழாய் ஒன்றில் ஏற்பட்ட அடைப்புக்கோ கசிவுக்கோ மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறிய ஒருவர், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் மீண்டும் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவதைக் குறிக்கும். இக்காலம் பெரும்பாலும் 30 நாட்களாகக் கொள்ளப்படுகிறது. 90 நாட்கள், ஓராண்டு ஆகிய அளவுகளும் ஆய்வுகளில் பயன்படுகின்றன. மீண்டும் சேர்வதற்கான காரணம் முதல் நோயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எந்த நோய்க்காகச் சேர்ந்தாலும், எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், அது மறுசேர்க்கையாகவே பொதுவாகக் கணக்கிடப்படும்.

ஒருமுறை பக்கவாதம் கண்டவர் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பினால் அது இரண்டாவது பக்கவாதமாகவே இருக்கும் என்பது பரவலான எண்ணம். அவ்வாறு நேர்வதும் உண்டு. ஆயினும் வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் நுரையீரல் அழற்சி, சிறுநீர்த் தொற்று, இதய நோய்கள், கீழே விழுந்து எலும்பு முறிதல், மருந்துகளால் விளையும் குருதிக்கசிவு ஆகியவை சேர்ந்து பெரும்பங்கு வகிக்கின்றன. இவற்றுள் ஒரு பகுதி முன்கூட்டியே அறிந்து தடுக்கத்தக்கது என்பதே இப்பொருள் மருத்துவ ஆய்வில் தனிக் கவனம் பெறக் காரணம் ஆகும்.

சொற்பொருள்

தமிழில் ஸ்ட்ரோக் என்னும் நோய்க்குப் பக்கவாதம் என்ற சொல் வழங்குகிறது. இலங்கையில் பாரிசவாதம் என்ற சொல்லும் உண்டு. இரண்டுமே உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல் என்ற அறிகுறியைச் சுட்டும் பெயர்கள். நோயைச் சுட்டுபவை அல்ல. மூளையின் எப்பகுதிக்குக் குருதி செல்லவில்லையோ அப்பகுதியின் தொழிலே கெடும். ஆகவே கை கால் விழாமலேயே பேச்சு குழறுதல், பார்வையின் ஒரு பாதி மறைதல், நடை தள்ளாடுதல், கடும் தலைசுற்றல் ஆகியவை மட்டும் தோன்றும் பக்கவாதங்களும் உள்ளன. முதல்முறை வலக்கை செயலிழந்த ஒருவருக்கு மறுமுறை பார்வை மட்டும் குன்றினால், பெயரை வைத்து நோயை எண்ணும் குடும்பத்தார் அதனைப் பக்கவாதமாகக் கருதாமல் விட்டுவிட வாய்ப்புண்டு.

நோயின் வகைகள்

மூளைத் தமனி ஒன்று குருதிக்கட்டியால் அடைபடுவது அடைப்புவகைப் பக்கவாதம் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 87 விழுக்காடு இவ்வகையினதே. தமனி வெடித்து மூளைத் திசுவுக்குள் குருதி பரவுவது கசிவுவகை; ஆசிய நாடுகள் பலவற்றில் இதன் பங்கு மேலை நாடுகளைவிடக் கூடுதல். மூளையைச் சூழ்ந்த சவ்வுகளுக்கு இடையே தமனிவீக்கம் வெடித்துக் குருதி பரவுவது மற்றொரு வகையாகும். இதில் பிழைத்தவர்களுக்கு மூளைநீர் வடியாமல் தேங்குவதும், அதனை வடிப்பதற்காகப் பொருத்திய குழாயில் பின்னர் அடைப்போ தொற்றோ உண்டாவதும் மறுசேர்க்கைக்குரிய தனிக் காரணங்கள். மூளைச் சிரைகளில் குருதி உறைவது அரிது. மகப்பேற்றுக்குப் பிந்தைய வாரங்களில் இளம்பெண்களிடம் இது காணப்படுவதுண்டு.

காரணங்கள்

விழுங்கற் குறைபாடு

மறுசேர்க்கைக்கான காரணங்களுள் நுரையீரல் அழற்சி முதன்மையானவற்றில் ஒன்று. இதன் வேர் பெரும்பாலும் நுரையீரலில் இல்லை, தொண்டையில் உள்ளது. உணவை விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயில் நொடிப்பொழுது மூடிக்கொள்கிறது. இச்செயல் மூளைத்தண்டின் கட்டுப்பாட்டில் நடைபெறுவது. பெருமூளையின் இரு பாதிகளும் இதில் பங்குகொள்கின்றன. பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இத்தொழில் ஓரளவேனும் கெடுகிறது. அப்போது உணவும் நீரும், வாயிலுள்ள கிருமிகளோடு கூடிய உமிழ்நீரும் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுகின்றன.

நலமுள்ளவர்களுக்குப் புரையேறினால் இருமல் வரும். பக்கவாத நோயாளிகள் சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியும் மங்கிவிடுவதால் இருமலே வருவதில்லை. நோயாளி அமைதியாக உண்கிறார் என்றே அருகிலிருப்போர் எண்ணுவர். சில நாட்களில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தோன்றும். விழுங்குவதற்கு எளியது தண்ணீர் என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. நீர்த்த பானங்கள் விரைந்து ஓடுவதால், தொண்டை மூடிக்கொள்ளும் முன்னரே மூச்சுக்குழலை எட்டிவிடும். இதனாலேயே இத்தகையோருக்குக் கூழ்ப்பதமாகக் கெட்டிப்படுத்திய நீர்மங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. படுத்த நிலையில் ஊட்டாதிருத்தல், நிமிர்த்தி உட்காரவைத்தல், சிறுசிறு வாயாகத் தருதல், உண்டபின் சற்று நேரம் சாயாதிருத்தல், நாள்தோறும் வாயைத் தூய்மை செய்தல் ஆகியன மற்ற முறைகள். இவற்றுள் வாய்த் தூய்மையே பெரிதும் மறக்கப்படுவது. மூக்குவழிக் குழாயால் உணவு பெறுபவர்களுக்கும் உமிழ்நீர் வழியே தொற்று உண்டாகலாம் என்பதால், குழாய் உள்ளவரை வாயைத் தூய்மை செய்யத் தேவையில்லை என்பது தவறு.

நுரையீரல் அழற்சி வரும் முன்னரே எல்லா நோயாளிகளுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்துத் தடுக்கலாமா என்பதும் ஆராயப்பட்டது. நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,550 நோயாளிகளிடம் செஃப்ட்ரையாக்சோன் மருந்தைக் கொண்டு நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் மூன்று மாத நிலையில் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை.

சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும்

சிறுநீரை அடக்கவோ முழுதாகக் கழிக்கவோ இயலாத நோயாளிகளுக்கு வடிகுழாய் பொருத்தப்படுகிறது. இக்குழாய் உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. தேவை தீர்ந்த பின்னும் அகற்றப்படாமல் குழாயுடனேயே வீட்டுக்கு அனுப்பப்படுவோர் உண்டு. முதியவர்களிடம் இத்தொற்று காய்ச்சலாக வெளிப்படாமல் திடீர்க் குழப்பமாகவோ மிகுந்த உறக்கமாகவோ வெளிப்படுவதால் புதிய பக்கவாதம் என்றே ஐயுறப்படுவதும் உண்டு. அசையாது கிடப்பவர்களுக்குப் படுக்கைப் புண்ணும், காலின் ஆழ்சிரைகளில் குருதி உறைவதும் நேரலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கு இடர்.

மீண்டும் பக்கவாதம்

மீண்டும் பக்கவாதம் வரும் இடர் தொடக்க நாட்களிலேயே மிகுதியாக இருந்து பின்னர் படிப்படியாகக் குறைகிறது. மீளத் தாக்குவதற்கான காரணங்கள் புதியவை அல்ல: கட்டுப்படாத உயர் குருதி அழுத்தம், கழுத்துத் தமனிச் சுருக்கம், நீரிழிவு, புகைபிடித்தல், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆகியனவே. கடைசியாகச் சொன்னது பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்த்துவது. இது விட்டு விட்டு வரும் இயல்புடையதாகையால், மருத்துவமனையில் எடுத்த ஒற்றை இதயமின் வரைபடத்தில் அகப்படாமல் போகலாம். அவ்வாறு தவறவிடப்பட்டவருக்கு ஆஸ்பிரின் மட்டும் தரப்படும். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது அதனினும் வலிய, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து.

மருந்து நிறுத்தமும் மருந்தின் தீங்கும்

மருந்தை நிறுத்துவதும் மருந்தை மிகுதியாக உட்கொள்வதும் ஒருங்கே மறுசேர்க்கைக்கு வழிவகுக்கும். கை கால் தேறியதும் நோய் நீங்கிவிட்டதாக எண்ணி மருந்தைக் கைவிடுவோர் பலர். இம்மருந்துகள் செயலிழந்த கையை இயக்குவதற்காகத் தரப்படுவன அல்ல, அடுத்த அடைப்பைத் தடுப்பதற்காகத் தரப்படுவன என்பது வெளியேறும்போது விளக்கப்படாவிட்டால் இவ்வாறு நேர்வது இயல்பே. மறுபுறம், வார்ஃபரின் உட்கொள்பவர்களின் குருதி உறையும் வேகம் ஐ.என்.ஆர் என்னும் அளவால் கண்காணிக்கப்படவேண்டும். பெரும்பாலோருக்கு இது 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். வேறு நோய்க்குத் தரப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பலவும் இவ்வளவைத் திடீரென உயர்த்திக் குருதிக்கசிவை உண்டாக்கவல்லவை. ஐக்கிய அமெரிக்காவில் 2010 இல் டாபிகட்ரான் ஒப்புதல் பெற்றது முதல், அடிக்கடிக் குருதிச் சோதனை தேவைப்படாத மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. எனினும் இவற்றின் செயல் விரைவில் தீர்வதால் ஓரிரு வேளை தவறுவதும் இவற்றில் பொருட்டாகும்.

விழுதல், வலிப்பு, மனச்சோர்வு

செயலிழந்த பக்கத்தின் எலும்பு பயன்பாடின்றி அடர்த்தி குறைகிறது. நோயாளி விழுவதும் பெரும்பாலும் அப்பக்கமே. ஆகையால் இடுப்பெலும்பு முறிவு இவர்களிடம் மிகுதி. மூளையில் ஏற்பட்ட தழும்பு வலிப்புக்கும் காரணமாகலாம். வலிப்பு தணிந்தபின் சில மணி நேரம் கை கால் தளர்ந்திருப்பது புதிய பக்கவாதத்தைப் போலவே தோன்றும்.

பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாவதாகக் கணிக்கப்படுகிறது. மனச்சோர்வுற்றவர் மருந்தையும் பயிற்சியையும் உணவையும் புறக்கணிப்பதால் அது மறைமுகக் காரணமாகிறது. இதற்கான மருத்துவமும் எளிதன்று. ஐக்கிய இராச்சியத்தில் 3,127 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், ஃபுளுவாக்செட்டின் மருந்து மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் உடலியக்கத்தை மேம்படுத்தவில்லை. எலும்பு முறிவுகளையும் அது கூட்டியது.

அளவீடும் அதன் சிக்கல்களும்

மறுசேர்க்கையை மருத்துவமனைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் வலுப்பெற்றது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரில் 2003, 2004 ஆம் ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து ஜென்க்ஸ், வில்லியம்ஸ், கோல்மன் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட கட்டுரை இதில் ஒரு திருப்புமுனை. எல்லா நோய்களையும் சேர்த்து, வெளியேறியவர்களுள் 19.6 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள்ளும் 34 விழுக்காட்டினர் 90 நாட்களுக்குள்ளும் திரும்பியதாக அது காட்டியது. அறுவை அல்லாத சிகிச்சை பெற்று 30 நாட்களுக்குள் திரும்பியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர், இடைப்பட்ட நாட்களில் எந்த மருத்துவரையும் வெளியே கண்டதற்கான கட்டணப் பதிவே இல்லை என்பது அக்கட்டுரையின் மிக முக்கியமான தகவல் எனலாம்.

இதனையடுத்து 2010 ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ், மறுசேர்க்கை மிகுந்த மருத்துவமனைகளுக்கான மெடிக்கேர் தொகையைக் குறைக்கும் திட்டம் 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிடித்தம் முதலாண்டில் அதிக அளவாக 1 விழுக்காடாக இருந்து, பின்னர் 3 விழுக்காடாக உயர்ந்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவை முதலிலும் வேறு சில பின்னரும் இதில் சேர்க்கப்பட்டன. பக்கவாதம் பிடித்தத்துக்குரிய நோய்களுள் சேர்க்கப்படவில்லை. இங்கிலாந்திலும் 30 நாட்களுக்குள் நேரும் அவசர மறுசேர்க்கைகளுக்குப் பணம் தர மறுக்கும் விதி 2011 இல் கொண்டுவரப்பட்டது.

பக்கவாதத்தைப் பொறுத்தவரை இவ்வளவுகோலில் பல இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, நோயின் கடுமை. இது என்.ஐ.எச்.எஸ்.எஸ் என்னும் 0 முதல் 42 வரையிலான அளவால் மதிப்பிடப்படுகிறது. கட்டணப் பதிவுகளில் இவ்வெண்ணைக் குறிக்கும் குறியீடு ஐக்கிய அமெரிக்காவில் 2016 அக்டோபரில்தான் அறிமுகமானது. அதற்கு முன்னர், கடுமையான நோயாளிகளை ஏற்கும் பெரிய மருத்துவமனையும் எளிய நோயாளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் சிறிய மருத்துவமனையும் கட்டணப் பதிவுகளில் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டன. இரண்டாவது, இறப்பு. இறந்தவர் மீண்டும் சேர முடியாது. எனவே மிகுந்த இறப்பு நேரும் ஒரு மருத்துவமனை மறுசேர்க்கைக் கணக்கில் நல்ல பெயர் பெறவும், பலரைக் காப்பாற்றிய மற்றொன்று கெட்ட பெயர் பெறவும் இடமுண்டு. இதன் காரணமாகவே சில ஆய்வுகள் இறப்பையும் மறுசேர்க்கையையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் 625 மருத்துவமனைகளில் அடைப்புவகைப் பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 91,000 மெடிக்கேர் பயனாளிகளைப் பற்றி 2011 இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் பத்தில் ஆறு பேருக்கும் சற்றுக் கூடுதலானோர் இறந்தோ மீண்டும் சேர்க்கப்பட்டோ இருந்தனர்.

மூன்றாவது, திட்டமிட்ட சேர்க்கை. சுருங்கிய கழுத்துத் தமனியைச் சீர்செய்யும் அறுவை, தகுந்தவர்களுக்கு இரு வாரங்களுக்குள் செய்யப்படுவதே நலம். மூளை வீக்கத்துக்காக அகற்றிய மண்டையோட்டுப் பகுதியைப் பின்னர் பொருத்துவதற்கும் சேர்க்கை தேவை. இவற்றைக் கணக்கிலிருந்து நீக்காவிடில், செய்யவேண்டியதைச் செய்தவரே தண்டனை பெறுவர். மேலும், திரும்பி வந்த நோயாளியை உள்நோயாளியாகப் பதியாமல் கண்காணிப்பில் மட்டும் வைத்திருந்தால் அது மறுசேர்க்கை ஆகாது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஏழை நோயாளிகள் மிகுந்த மருத்துவமனைகளே பிடித்தத்துக்கு அதிகம் உள்ளாயின என்ற குறைபாட்டைக் களைய 2016 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று ஒத்த நிலையிலுள்ள மருத்துவமனைகளைத் தமக்குள் ஒப்பிட வகைசெய்தது.

தடுப்பு முயற்சிகள்

மிகத் தெளிவான பயனைக் காட்டியவை எளிய, தொடக்கத்திலேயே செய்யப்படும் செயல்களே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று நாட்களில் காய்ச்சல், குருதிச் சர்க்கரை, விழுங்குதிறன் ஆகிய மூன்றையும் செவிலியர் ஒரு நெறிமுறைப்படி கவனித்தனர். 90 ஆம் நாளில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்திருந்தோர் அப்பிரிவுகளில் 42 விழுக்காடு, மற்றவற்றில் 58 விழுக்காடு. புதிய மருந்தோ விலைமிகுந்த கருவியோ இதில் இல்லை.

மீண்டும் தாக்குவதைத் தடுப்பதில் விரைவின் பங்கை ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2007 இல் வெளியிட்ட எக்ஸ்பிரஸ் ஆய்வு காட்டியது. தற்காலிக அல்லது சிறு பக்கவாதம் கண்டவர்களுக்கு முன்பதிவின்றி உடனே பார்த்து அன்றே மருந்து தொடங்கியதால், 90 நாட்களுக்குள் பக்கவாதம் மீளும் வீதம் 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1 விழுக்காடாகக் குறைந்தது. சீனாவில் 5,170 பேரிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரினுடன் குளோப்பிடோகிரெலும் பெற்றோரில் 8.2 விழுக்காட்டினருக்கும் ஆஸ்பிரின் மட்டும் பெற்றோரில் 11.7 விழுக்காட்டினருக்கும் 90 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தது. பெரிந்தோப்ரில், இந்தப்பமைடு ஆகிய மருந்துகளால் குருதி அழுத்தத்தைக் குறைப்பது பற்றி 6,105 பேரிடம் நடத்தப்பட்ட புரோகிரஸ் ஆய்வு (2001) மீள்தாக்கத்தில் 28 விழுக்காடு குறைவைக் காட்டியது.

வெளியேறிய பின்னான தொடர் கவனிப்பில் முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவில் 40 மருத்துவமனைகளில் நடந்த கம்பஸ் ஆய்வில், வீடு திரும்பிய இரண்டாம் நாள் தொலைபேசி அழைப்பும் இரு வாரங்களுக்குள் நேரடிச் சந்திப்பும் திட்டமிடப்பட்டன. 2020 இல் வெளியான முடிவில் நோயாளிகளின் 90 நாள் இயக்க நிலையில் வேறுபாடு இல்லை. ஆனால் அத்திட்டத்தை முழுமையாகப் பெற்றோர் மூன்றில் ஒரு பங்கினரே என்பதையும் சேர்த்தே இதனைப் படிக்கவேண்டும். குழுவாகச் சென்று வீட்டிலேயே பயிற்சியளித்து நோயாளியை விரைவில் வெளியேற்றும் முறை, மிதமான பாதிப்புடையோரின் நிலையை மேம்படுத்துவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. விரைவில் அனுப்புவதால் மறுசேர்க்கை கூடிவிடும் என்ற அச்சம் அவ்வாய்வுகளில் மெய்ப்படவில்லை, குறையவும் இல்லை.

இந்தியாவில் மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள் போதாமையால் குடும்பத்தினருக்கே பயிற்சியளிக்கும் முறை அட்டெண்ட் என்ற ஆய்வில் 1,250 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2017 இல் வெளியான முடிவின்படி ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தோர் அல்லது சார்ந்திருந்தோர் இரு பிரிவுகளிலும் 47 விழுக்காடே. 31 நடுவங்களில் 4,298 பேரிடம் 12 மொழிகளில் குறுஞ்செய்தி, காணொளி, கைநூல் ஆகியவற்றால் அறிவுரை வழங்கிய ஸ்பிரின்ட் இந்தியா ஆய்வும் (2023) மீள்தாக்கம், இதயநோய், இறப்பு ஆகியவற்றைக் குறைக்கவில்லை. மருந்தைத் தவறாது உட்கொள்ளுதலும் புகை, மது ஆகியவற்றைக் கைவிடுதலும் அதனால் மேம்பட்டன. ஓராண்டு என்பது அம்மாற்றத்தின் பயன் தெரியப் போதாத காலமாக இருந்திருக்கலாம்.

உடனே திரும்பவேண்டிய நிலைகள்

எல்லா மறுசேர்க்கையும் தவிர்க்கத்தக்கதன்று. முகம் கோணுதல், கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீர்ப் பார்வையிழப்பு, முன்னறியாத கடுந்தலைவலி ஆகியன தோன்றினால் காத்திராமல் திரும்புதல் வேண்டும். குருதிக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் போன்ற மருந்துகள் அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் தரப்படுவன. பெருந்தமனி அடைப்பைக் குழாய் வழி அகற்றும் முறை, படிமச் சோதனையில் தகுதி காணப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் கைகொடுக்கும். காய்ச்சல், உணவின்போது குரல் ஈரமாக ஒலித்தல், கறுப்பு நிற மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம், வழக்கத்துக்கு மாறான உறக்கம் ஆகியவையும் மருத்துவரைக் காணவேண்டிய அடையாளங்களே.

திரும்பும்போது முந்தைய சேர்க்கையின் வெளியேற்றச் சுருக்கத்தையும் உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் கொண்டுசெல்வது இன்றியமையாதது. மூன்று மாதங்களுக்குள் அடைப்புவகைப் பக்கவாதம் கண்டவருக்கும், எப்போதேனும் மூளைக்குள் குருதிக்கசிவு கண்டவருக்கும் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. டாபிகட்ரான் போன்றவற்றைக் கடந்த இரண்டு நாட்களுக்குள் உட்கொண்டவரிடமும் அவ்வாறே தயக்கம் காட்டப்படும். அத்தகையோருக்குக் குழாய் வழிக் கட்டியகற்றல் இன்னும் இயலக்கூடியது என்பதால், அவ்வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே அனுப்புவதா என்ற முடிவு முந்தைய நோயின் தேதியையும் கடைசி மருந்து வேளையையும் பொறுத்து எடுக்கப்படுகிறது.